காலி டேங்க்தான் வெடிக்கும்

மல்காஜ்கிரியில் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அந்த ஜன்னலோர நாற்காலியில் உட்காருங்கள், வக்கீலம்மா. விசிறி நின்றுபோனாலும் அங்கே கொஞ்சம் காற்று வரும்.

நீங்கள் போனில் தமிழில் பேசியதால்தான் வீட்டுக்கே வரச் சொன்னேன். போலீஸ் ஸ்டேஷனில் நான் சொன்னதைத் தெலுங்கில் எழுதிக்கொண்டார்கள். தெலுங்கு எனக்குத் தண்ணீர் பட்டபாடு. அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது, குடித்தனம் நடத்தியது எல்லாம் மெட்டுகுடா குவார்ட்டர்ஸில். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் தமிழ் பேச ஆளில்லை. சில விஷயங்களை அந்தப் பாஷையில் சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வருகிறது.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் வேணுகோபாலின் வெல்டிங் ஷெட்டில் வெடித்த அந்த டீசல் டேங்குக்கு, வெல்டிங் அடிப்பதற்கு முன்னால் ஸ்டீம் போட்டிருந்தார்களா, இல்லையா. போட்டோம் என்று உங்கள் கட்சிக்காரர் வேணுகோபால் சொல்கிறார். போடவில்லை என்று நான் போலீஸில் சொல்லியிருக்கிறேன். என் வார்த்தையை நம்பித்தான் அவரை உள்ளே வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறோம் என்பது உங்கள் கணக்கு. அது சரியான கணக்குதான்.

பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஸ்டீம் எதற்கு என்று உங்களுக்குப் புரிய வேண்டும். அது புரியாவிட்டால் நான் சொல்கிற எதுவும் புரியாது.

டீசல் நிறைந்த டேங்க் ஒன்று, காலி டேங்க் ஒன்று. எதன்மேல் நெருப்பு வைக்கப் பயப்படுவீர்கள் என்று கேட்டால் நீங்கள் நிறைந்ததைத்தான் காட்டுவீர்கள். எல்லோரும் அப்படித்தான். ஆனால் எரிவது எண்ணெய் அல்ல, எண்ணெயிலிருந்து எழும்பும் ஆவி. நிறைந்த டேங்கில் ஆவிக்கு இடம் கிடையாது. காலி டேங்கில் ஆவியும் உண்டு, காற்றும் உண்டு. இரண்டும் கலந்து ஒரு பொறிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். நிறைந்த டேங்க் எரியும், அவ்வளவுதான். காலி டேங்க்தான் வெடிக்கும். வெடிக்கும்போது இரண்டு பக்கத்து மூடித் தகடும் தட்டு மாதிரிப் பறக்கும். எதிரே சுவர் இருந்தால் சுவரையும் எடுத்துக்கொண்டு போகும்.

தண்ணீர் விட்டு அலசினால் போதாது. தகட்டின் இடுக்கில், துருவுக்கு அடியில் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். வெல்டிங் சூடு பட்டதும் அது ஆவியாக எழும். ஆகவே முதலில் ஒட்ட வடிக்க வேண்டும். சலவைச் சோடா கலந்த வெந்நீரில் கழுவ வேண்டும். பிறகு எல்லா மூடிகளையும் திறந்துவைத்து ஸ்டீம் விட வேண்டும், கீழே வடிகிற தண்ணீரில் எண்ணெய்ப் பளபளப்பு அறவே இல்லாமல் போகிற வரைக்கும். கடைசியில் எண்ணெய் ஆவியைக் காட்டும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். முள் அசையாமல் இருந்தால்தான் வெல்டிங் ஹோல்டரைக் கையில் எடுக்கலாம். மூக்கை நம்பவே கூடாது.

இவ்வளவும் செய்தால் அரை நாள் போகும். செய்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்காது. அதுதான் கிடைக்கும். வைத்தியர் காய்ச்சலைக் குணமாக்கினால் நன்றி சொல்வார்கள். காய்ச்சலே வராமல் பார்த்துக்கொண்டவனுக்கு யார் நன்றி சொல்வார்கள்? என் உத்தியோகம் அந்த மாதிரி.

நான் இதை ரயில்வேயில் கற்றுக்கொண்டேன். ஜம்புநாதன் என்று ஒருவர் எங்கள் செக்‌ஷனில் இருந்தார். ஒரு நாள் மதியம் என் டிபன் டப்பாவிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, விரலை நக்கிக்கொண்டே எண்ணெய் வேகனில் வெல்டிங் அடிக்கப் போனார். வேகனைக் கழுவியாயிற்று என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவரைப் பொறுக்கி எடுத்தவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். விருப்ப ஓய்வில் வெளியே வந்ததும், ஜீடிமெட்லா ஷெட் முதலாளிகள் சங்கம் கூப்பிட்டது. ஷெட் ஷெட்டாகப் போய் வெல்டர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், மாதம் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். ஒரு மீட்டரும் கொடுத்தார்கள்.

மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கரண்ட் ஒரு கணம் போகக் கூடாது. அதனால் ஒவ்வொரு கட்டடத்தின் முதுகிலும் ஒரு ஜெனரேட்டர், ஒவ்வொரு ஜெனரேட்டருக்கும் ஒரு டீசல் டேங்க். டேங்க் ஒழுகினால் காலையில் ஜீடிமெட்லாவில் கொண்டுவந்து இறக்குவார்கள், சாயங்காலம் திரும்ப வேண்டும் என்பார்கள். ஸ்டீம் போடுகிற ஷெட்டில் யார் காத்திருப்பார்கள்? போடாத ஷெட்டுக்குப் போவார்கள். போடாத ஷெட்டில் ஒன்றும் ஆகவில்லை. வாரக்கணக்காக, மாதக்கணக்காக ஒன்றும் ஆகவில்லை. டீசலின் குணம் அப்படி. பத்துத் தடவை சும்மா விட்டுவிடும்.

எனக்கு ஸ்டீம் சாப் என்று பெயர் வைத்தார்கள். நான் ஷெட் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே உள்ளேயிருந்து யாராவது குக்கர் விசில் மாதிரி சத்தம் கொடுப்பார்கள். நான் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

துரைராஜ் வேணுகோபாலின் ஷெட்டில் தலைமை வெல்டர். அவனும் மெட்டுகுடா ரயில்வே குடும்பம்தான், பூர்வீகம் ஜோலார்பேட்டை. ஜீடிமெட்லாவில் அவனைப் போல வெல்டிங் அடிக்க ஆள் கிடையாது. அவன் கையில் இரும்பு மீன் செதில் மாதிரி வரிசையாகப் படியும். வாயும் கையைப் போலவேதான், நிற்காது. எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். எனக்கும் பிடித்திருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவான். அவன் மனைவி ஆக்னஸ் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும்.

ஒரு தடவை நான் போயிருந்தபோது அந்தப் பெண் நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தது. தெருமுனையிலேயே வாசனை வந்தது. துரைராஜ் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னிக்கு இன்னா சமையல்?" என்று கேட்டான்.

"பாத்தீங்களாண்ணா?" என்றது ஆக்னஸ். "இந்த மனுஷனுக்கு மூக்கு செத்துப்போயி எத்தினியோ வருஷம் ஆச்சு. பால் தீஞ்சாலும் தெரியாது, கேஸ் ஒழுகினாலும் தெரியாது."

"வெல்டிங் பொகைல போயிடுச்சு சார்," என்று சிரித்தான் அவன். "ஒரு விதத்துல நல்லதுதான். ஜீடிமெட்லா மருந்து ஃபேக்டரி நாத்தம் எனக்கு மட்டும் தெரியறதில்ல."

நானும் சிரித்தேன். கருவாடு நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த வகுப்பு. சங்கத்தின் ஹாலில் நான் ஆவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். துரைராஜ் எழுந்து நின்றான். ஒரு டப்பா மூடியில் கொஞ்சம் டீசல் கொண்டுவந்திருந்தான். அதை என் மேஜைமேல் வைத்தான். பீடியைப் பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்து, கனலோடு டீசலுக்குள் போட்டான். சுர் என்று ஒரு சத்தம். பீடி அணைந்துவிட்டது.

"பாருங்க சார், டீசலே பீடிய அணைச்சிடுச்சு," என்றான். "இதுக்குப் போயி கைக்கு, எதுக்கு சார் அர நாள் ஸ்டீம்?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. யாரோ குக்கர் விசில் அடித்தார்கள். பின்வரிசையில் முதலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். வேணுகோபால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான், அணைந்தது எண்ணெயில், ஆவியில் போட்டிருந்தால் வேறு மாதிரி என்று விளக்கினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. துரைராஜ் என் பக்கம் பார்த்து, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்பது போலக் கண்ணைச் சிமிட்டினான்.

அடுத்த மாதம் வேணுகோபால் கூப்பிட்டனுப்பினார். சங்கத்தில் அவர் சொன்னதுதான் நடக்கும்.

"தண்டபாணிகாரு, இனிமே கிளாஸ் வேணாம். ஒரு சிடி தயார் பண்ணிட்டோம். கம்ப்யூட்டர்ல போட்டா அஞ்சு நிமிஷத்துல எல்லாம் வந்துடுது. நீங்க ரெஸ்ட் எடுங்க, மீரு ரெஸ்ட் தீஸ்கோண்டி."

அந்த சிடியை நானும் பார்த்தேன். பொம்மை டேங்க் ஒன்று வெடிக்கிறது, பொம்மை வெல்டர் ஒருவன் ஆகாயத்துக்குப் பறந்து, கரி பூசிய முகத்தோடு கண்ணை உருட்டிக்கொண்டு இறங்கி வருகிறான். வெல்டர்கள் விசில் அடித்து இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். மீட்டரைத் திருப்பிக் கேட்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். அது இங்கே இந்த அலமாரியிலேயே இருந்தது.

வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த மாதங்களில் நான் காலையில் பேப்பரில் முதலில் உள்ளூர்ச் செய்திகளைத்தான் பார்ப்பேன். ஜீடிமெட்லாவில் ஒன்றும் நடந்திருக்காது. ஒரு நாள் பாலாநகர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது பெரிய சத்தம் கேட்டது. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு சத்தம் வந்த இடத்துக்குப் போனேன். லாரி டயர் வெடித்திருந்தது. யாருக்கும் அடி இல்லை. திரும்பி வரும்போது என் மனசு ஏன் இப்படிச் சப்பென்று இருக்கிறது என்று யோசித்தேன். யோசித்தபோது காரணம் தெரிந்தது. தெரிந்ததும் எனக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் ஏற்படவில்லை. ஒரு விபத்து நடந்தால் நூறு விபத்து நிற்கும். ரயில்வேயில் ஜம்புநாதன் போன பிறகு ஒருத்தரும் ஸ்டீம் போடாமல் வேகனைத் தொட்டதில்லை. இது பாதுகாப்புத் துறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். வெளியே சொல்ல மாட்டார்கள்.

போலீஸில் நான் சொன்னது இதுதான். கடந்த போனாலு ஞாயிற்றுக்கிழமை, அம்மனுக்குப் பானை எடுக்கிற பண்டிகை நாள். ஷெட்டில் மற்றவர்களுக்கெல்லாம் லீவு. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி டேங்க், மறுநாள் காலைக்குள் வேண்டும் என்று துரைராஜ் மட்டும் வேலைக்கு வந்திருந்தான். சர்ச்சில் பூசையை முடித்துவிட்டு நேரே ஷெட்டுக்கு. மதியம் எனக்குப் போன் செய்து, மீட்டர் எடுத்துக்கொண்டு வரச் சொன்னான். போனேன். டேங்கைக் கழுவவும் இல்லை, ஸ்டீம் போடவும் இல்லை. வேண்டாம் என்று எச்சரித்தேன். அவன் சிரித்தான். வேணுகோபாலுக்குப் போன் செய்து சொல்லலாம் என்று நான் வெளியே வந்தபோது வெடித்துவிட்டது.

எல்லோரும் உடனே நம்பினார்கள். அந்த பீடியை அத்தனை பேர் பார்த்திருந்தார்களே.

அதற்குப் பிறகு ஜீடிமெட்லாவுக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? போனால் பார்க்கலாம். ஒவ்வொரு ஷெட்டிலும் சின்னதாக ஒரு பாய்லர். காலையில் அந்தத் தெருவில் நுழைந்தால் கூரைக்கு மேலே வெள்ளை வெள்ளையாக ஆவி போய்க்கொண்டிருக்கும். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்க முடியும் என்று இப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சங்கம் என்னை மறுபடியும் கூப்பிட்டது. சால்வை போர்த்தினார்கள். வகுப்பில் நிற்க இடமில்லை. நான் பேசும்போது இருமல் சத்தம்கூட வருவதில்லை.

ஆக்னஸுக்கு அந்த ஹாலிலேயே டீ போட்டுக் கொடுத்து, பெருக்கித் துடைக்கிற வேலை வாங்கிக் கொடுத்தேன். வகுப்பு நடக்கும்போது அந்தப் பெண்ணை முன்வரிசையில் உட்கார வைப்பேன். வெள்ளைச் சேலைதான். அது எதுவும் பேச வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தால் போதும். இவர்தான் துரைராஜ் மனைவி என்று நான் சொல்வேன். அப்புறம் ஒருத்தருக்கும் சிரிப்பு வராது. வகுப்பு முடிந்து டம்ளர்களைக் கழுவும்போது ஒரு நாள் என்னிடம், "அன்னிக்கு அது மட்டும் உங்க பேச்சக் கேட்டிருந்தா இன்னிக்கு எனக்கு இந்த நெலம இல்லயேண்ணா," என்று அழுதது. அழாதே, விதி என்று ஆறுதல் சொன்னேன். அவர்கள் மகள் மூன்றாவது படிக்கிறது. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும். அதன் ஸ்கூல் யூனிஃபார்ம் நான் எடுத்துக் கொடுத்ததுதான்.

ஏன் பையை மூடுகிறீர்கள்? "அப்போ ஸ்டீம் போடலை. அதையே கோர்ட்லயும் சொல்வீங்க. அதானே சார்?" என்கிறீர்கள். இல்லையம்மா. நான் இன்னும் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. உட்காருங்கள்.

ஸ்டீம் போட்டிருந்தது.

தொழில் விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அது. ரயில்வேயில் பெரிய அதிகாரி வந்து கேட்டபோதுகூட கழுவாத வேகனைக் கழுவியது என்று நான் சொன்னதில்லை. இது மட்டும்தான் இத்தனை நாளும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அவன் போனில் என்ன சொன்னான் தெரியுமா?

"சார், இன்னிக்கு உங்க முறைப்படியே பண்ணியிருக்கேன். விடிகாலைல வந்து, சும்மா கெடந்த பாய்லர பத்தவெச்சிட்டுத்தான் பூசைக்கே போனேன். ஆக்னஸ் சத்தியம் வாங்கிடுச்சு. வேணுகோபால் சார்கூடக் கோயிலுக்குப் போற வழில பாத்துட்டு, இன்னாடா இதுன்னு சிரிச்சிட்டுப் போனாரு. நீங்க மீட்டர் மட்டும் எடுத்துட்டு வந்து பாத்துடுங்க."

போனேன். வழியெல்லாம் பெண்கள் தலையில் வேப்பிலை செருகிய பானையோடு போய்க்கொண்டிருந்தார்கள். தப்பட்டைச் சத்தம். ஜீடிமெட்லாவுக்குள் நுழைந்ததும் தெரு காலியாக இருந்தது, கடைகள் மூடியிருந்தன. ஷெட்டில் அவன் ஒருவன்தான். டேங்கின் எல்லா மூடிகளும் திறந்திருந்தன. கீழே தேங்கியிருந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தேன், ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. தகட்டின்மேல் கையை வைத்தேன். இளஞ்சூடாக இருந்தது. அவ்வளவு சுத்தமாக ஸ்டீம் போட்ட டேங்கை நான் ரயில்வேயிலும் பார்த்ததில்லை. மீட்டர் வைத்தேன். முள் அசையவில்லை.

அவன் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "பாஸா சார்?" என்றான்.

"பாஸ்," என்றேன்.

"அப்பாடா." நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "சார், நான் அன்னிக்கு பீடி போட்டது சும்மா தமாசுக்கு. உங்க வேலை போவும்னு நெனைக்கல. அதான் உங்களுக்காகவாச்சும் ஒரு நாள் செய்யணும்னு தோணுச்சு. பாவம் சார் நீங்க. தனியா கெடந்து… ராத்திரி வீட்டுக்கு வந்துடுங்க, நக்கோ, வேணாம்னு சொல்லக் கூடாது. ஆக்னஸ் கோழி அடிச்சிருக்கு."

பாவம் என்றான். நான் அதை மனதில் வைத்துக்கொண்டு செய்தேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. நான் அப்போது டேங்கைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இவன் இப்போது வெல்டிங் அடிப்பான். ஒன்றும் ஆகாது. நாளைக்கு டேங்க் மாதாப்பூருக்குப் போய்விடும். டீக்கடையில் இவன் சொல்வான், ஸ்டீம் சாப்புக்காக ஒரு நாள் போட்டுப் பார்த்தேன், போட்டாலும் ஒன்றும் ஆகவில்லை, போடாவிட்டாலும் ஒன்றும் ஆகவில்லை என்று. இதை அவன் சொல்லவில்லைதான். ஆனால் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். செவ்வாய்க்கிழமை வேறொரு ஷெட்டில் வேறொருவன் கழுவாத டேங்கைத் தொடுவான். இத்தனை வருஷமும் உயிருக்காகச் செய்யுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியபோது ஒருவனும் செய்யவில்லை. கடைசியில் ஒருவன் செய்தான், பிச்சைக்காரனுக்குப் போடுகிற மாதிரி.

டீ குடிக்கலாம் என்றேன். பக்கத்துக் கடைகள் மூடியிருந்ததால் அவன் மெயின் ரோடு வரைக்கும் போக வேண்டியிருந்தது. சந்தோஷமாகப் போனான். என் ஸ்கூட்டர் டிக்கியில் எப்போதும் ஒரு பாட்டில் பெட்ரோல் இருக்கும், வழியில் நின்றுவிட்டால் கஷ்டம் என்று. அதை டேங்குக்குள் ஊற்றினேன். தகடு இளஞ்சூட்டில் இருந்ததால் ஈரம்கூட நிற்கவில்லை. மூடிகளைச் சாத்தினேன். நான் நின்ற இடத்திலேயே வாசனை மூக்கைத் துளைத்தது. அவனுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். மீட்டரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

டீ வந்தது. இரண்டு பேரும் நின்றுகொண்டே குடித்தோம். "இன்னா சார், டீ நல்லா இருக்கா?" என்று கேட்டான். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றேன். ஹவ் சார் என்று ஒப்புக்கொண்டான். மூடியை ஏன் சாத்தினீர்கள் என்று கேட்டான், தூசி விழுகிறது என்றேன். என்னிடம் அதற்குமேல் அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அதோடு நிறுத்தியிருப்பேனோ என்னவோ. என்னைக் கேள்வி கேட்கிற பழக்கத்தை அன்றைக்கென்று விட்டுவிட்டிருந்தான்.

மற்ற முன்னெச்சரிக்கைகளில் ஒரு குறையும் வைக்கவில்லை. கேஸ் சிலிண்டர்களை உருட்டிக்கொண்டுபோய்ச் சுவருக்கு அப்பால் வைத்தேன். தீயணைப்பானை எடுத்து வெளியே கையெட்டுகிற இடத்தில் வைத்தேன். பண்டிகைக் கூட்டத்தில் குழந்தைகள் யாராவது உள்ளே ஓடி வந்துவிடக் கூடாது என்று கேட்டைச் சாத்தினேன். மூடித் தகடு எந்தத் திசையில் பறக்கும் என்று பார்த்து, அந்தப் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டேன். பிறகு பாய்லர் அறைக்குப் பின்னால் போனேன்.

"அடிக்கட்டுமா சார்?" என்று அங்கேயிருந்து குரல் கொடுத்தான்.

"அடி," என்றேன்.

அவன் முகக் கவசத்தைக் கீழே இறக்குகிற சத்தம் கேட்டது. அதற்கடுத்த சத்தத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்துக்கு எனக்குக் காது கேட்கவில்லை. கேட்க ஆரம்பித்தபோது தூரத்தில் தப்பட்டை அடிப்பது கேட்டது. நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள், பண்டிகை வெடி என்று நினைத்திருப்பார்கள். நான்தான் தீயை அணைத்தேன். நான்தான் போலீஸுக்குப் போன் செய்தேன். ஆக்னஸிடம் போய்ச் சொன்னதும் நான்தான். அந்தப் பெண் கோழிக் குழம்பை இறக்கிவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "வாங்கண்ணா, அது பின்னால வருதா?" என்று கேட்டது.

இவ்வளவுதான். வேணுகோபால் பிள்ளைகுட்டிக்காரர். அவர் வெளியே வரட்டும். அவர்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. சிரித்தவர்கள் எல்லோரையும் பகைத்துக்கொண்டால் நான் ஜீடிமெட்லாவையே பகைக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றியது நான் என்று எழுதிக்கொள்ளுங்கள். துரைராஜைக் கொன்றது நான் என்றே எழுதுங்கள், வேறு நாசூக்கான வார்த்தை வேண்டாம். எந்த ஜட்ஜ் முன்னால் வேண்டுமானாலும் நின்று சொல்கிறேன். ஆக்னஸுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். கோர்ட்டில் கேட்பதைவிட ஒரு பெண் சொல்லிக் கேட்டால் நல்லது.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த டேங்குக்கு ஸ்டீம் போட்டிருந்தது என்பதை மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள், வக்கீலம்மா. ஸ்டீம் போட்ட டேங்கும் வெடிக்கும் என்று பேப்பரில் வந்தால் நாளைக்கே எல்லா ஷெட்டிலும் பாய்லரை அணைத்துவிடுவார்கள். அப்புறம் அநியாயமாக யாராவது ஒருவன் செத்துப்போவான்.